பாசேஜை வாசிக்கக் கூடாதாம்

வாசிப்புத் தேர்வுக்கான பயிற்சி வகுப்பில் முதல் நாள் சொல்லித்தருகிற முதல் பாடமே ‘பாசேஜை வாசிக்காதே’ என்பதுதான். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எங்கள் குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் என்று எந்த ஊர்ப் பிள்ளை வந்து என் முன்னால் உட்கார்ந்தாலும் இதையே ஒப்பிக்கிறது. “கேள்விய மொதல்ல பாக்கணும் டீச்சர். கீவேர்டுக்கு அடியில கோடு போடணும். பொறவு பாசேஜ்ல அந்த வார்த்தை எங்க கெடக்குன்னு தேடணும். முழுசா வாசிச்சா நேரம் போயிரும்.”

எல்லாரும் நர்சிங் முடித்த பிள்ளைகள். இரண்டு மூன்று வருஷம் ஆஸ்பத்திரியில் நின்று வேலை பார்த்தவர்கள். பிரிட்டனுக்கோ அயர்லாந்துக்கோ போவதற்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுகிறார்கள். பேச்சிலும் கேட்பதிலும் எப்படியோ தேறிவிடுகிறார்கள், வாசிப்பு இடிக்கிறது. நான் மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் யாராவது ஒருவர் சொல்லி என்னிடம் வருகிறார்கள். வரும்போதே இந்த மந்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். வாசிப்புத் தேர்வுக்கு வாசிக்காமல் தயாராவது எப்படி என்று காசு வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதை இத்தனை பிள்ளைகளைப் பார்த்த பிறகும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நேரம் போய்விடும் என்கிறார்களே, அந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்ப்போம். நர்ஸுகள் எழுதுவது அகாடமிக் வகை. மூன்று பாசேஜ், மூன்றும் சேர்ந்து 2,150 முதல் 2,750 சொற்கள் வரை. கேள்விகள் 40. நேரம் 60 நிமிடம். நிமிடத்துக்கு 120 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வேகமே இல்லை, நிறுத்தி நிதானமாகப் படிக்கிற அளவு. அப்படிப் படித்தாலும் மிக நீளமான தாளை 23 நிமிடத்தில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்துவிடலாம். மீதி 37 நிமிடம் கேள்விகளுக்கு. நிமிடத்துக்கு ஒரு கேள்விக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பாசேஜில் எது எங்கே இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்தவளுக்கு அந்த நேரம் போதும்.

இந்தப் பிள்ளைகள் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதல் கேள்வி. ஒரு சொல்லுக்கு அடியில் கோடு. பாசேஜுக்குள் பாய்கிறது கண். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. கிடைக்கவில்லை. இரண்டாவது கேள்வி. மறுபடியும் மேலிருந்து கீழே. அதே பத்தியை ஆறேழு தடவை தாண்டிப் போகிறார்கள், அது என்ன சொல்கிறது என்று ஒரு தடவைகூடத் தெரியாமல். கூட்டிப் பார்த்தால் அந்தத் தாளை மூன்று முறை முழுதாக வாசித்திருக்கக்கூடிய நேரம் தேடுவதிலேயே கரைந்திருக்கும். மூன்றாவது பாசேஜ்தான் பெரும்பாலும் கடினமானது. அதற்கு வரும்போது பத்து நிமிடம்கூட மிச்சமிருக்காது. கடைசி ஐந்தாறு கேள்விக்குக் குத்துமதிப்பாக ஏதோ ஓர் எழுத்தைப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள்.

கேள்வி எழுதுகிறவர்களுக்கு இந்தத் தேடல் தந்திரம் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? தெரிந்துதான் எழுதுகிறார்கள். கேள்வியில் இருக்கிற சொல் பெரும்பாலும் பாசேஜில் இருக்காது. அதே கருத்து வேறு சொற்களில், வேறு வாக்கிய அமைப்பில், சில சமயம் இரண்டு வாக்கியமாகப் பிரிந்து கிடக்கும். கேள்விச் சொல் அப்படியே கண்ணில் பட்டால் அந்த இடத்தில் விடை இருக்காது என்று சந்தேகப்படுவதே பல நேரம் நல்லது. தவறான தெரிவுகளில் பாசேஜின் சொற்களை அப்படியே போட்டு வைத்திருப்பார்கள். கீவேர்டு பிடிக்கிறவர்கள் நேராக அதில் போய் விழுவார்கள். வாசித்தவளையும் தேடியவளையும் பிரித்துக் காட்டுவதற்கென்றே கட்டப்பட்ட தேர்வு இது. அதற்குப் போய்த் தேடச் சொல்லிக் கொடுக்கிறார்களே!

எனக்கு இன்னொரு வருத்தம் இருக்கிறது. அது மதிப்பெண் வருத்தத்தைவிடப் பெரிது. கேம்பிரிட்ஜ் வெளியிடுகிற பயிற்சிப் புத்தக வரிசையில் 13ஆம் புத்தகம் பெரும்பாலும் எல்லாப் பிள்ளைகளின் கையிலும் இருக்கிறது, ஜெராக்ஸாகவாவது. அதில் மூன்றாவது மாதிரித் தேர்வை எடுத்துப் பாருங்கள். முதல் பாசேஜ் தென்னை மரத்தைப் பற்றியது. இரண்டாவது, பெரியவர்கள் குழந்தையிடம் குழந்தையைப் போலவே பேசுவது அதன் மூளைக்கு என்ன செய்கிறது என்பது. மூன்றாவது, அரப்பா நாகரிகத்துக்கு என்னதான் ஆயிற்று என்ற கேள்வி. தென்னை, குழந்தை, சிந்துவெளி. இந்த மூன்றிலும் எது நமக்கு அந்நியம்? தென்னந்தோப்புக்கு நடுவில் பிறந்து, கதம்பையும் சிரட்டையும் குவிந்து கிடக்கிற முற்றத்தில் வளர்ந்த பிள்ளை, குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிற பிள்ளை, பள்ளிக்கூடத்தில் சிந்துவெளியைப் படித்த பிள்ளை, இந்தத் தாளோடு ஒரு மணி நேரம் இருந்துவிட்டு எழுந்து வருகிறது. “என்ன இருந்துது அதுல?” என்று கேட்டேன். “ஏதோ ட்ரீ பத்தி டீச்சர். பொறவு பேபி பத்தி ஏதோ. மூணாவது ஹிஸ்டரி.” எத்தனை சரி என்று மட்டும் துல்லியமாகச் சொன்னாள்.

குழந்தைகளோடு பேசுவதைப் பற்றிய அந்த ஆராய்ச்சியில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தால் மறுநாள் வார்டில் ஒரு தாயிடம் சொல்லியிருப்பாள். அவள் அப்படிப்பட்ட பிள்ளைதான். அதற்கு அவளை யாரும் விடவில்லை.

அதே 13ஆம் புத்தகத்தில் இலவங்கப்பட்டை எப்படி ஐரோப்பாவுக்குப் போயிற்று என்று ஒரு பாசேஜ். இலங்கைப் பட்டைக்காகப் போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் அடித்துக்கொண்ட கதை அதில் வருகிறது. குளச்சலிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்கு அதில் பாதிக்கு மேல் தப்பு. ‘டச்சு’ என்ற சொல்லை அவள் பெரிய எழுத்தில் தொடங்குகிற ஒரு பெயராகத்தான் பார்த்திருக்கிறாள், கண்ணால் கொத்திக்கொண்டு போவதற்கு வசதியான அடையாளமாக. “ஒங்க ஊர்க் கடற்கரையில ஒரு தூண் நிக்குதே, அது என்ன?” என்றேன். “போர் நடந்த எடம் டீச்சர்.” “யாரோட போர்?” கொஞ்சம் யோசித்துவிட்டு நிமிர்ந்தாள். 1741இல் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கம்பெனிப் படையைக் குளச்சலில் தோற்கடித்தது. பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் பிற்பாடு திருவிதாங்கூர்ப் படைக்கே தலைவனாகி, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் புதைக்கப்பட்டிருக்கிறான். அந்தக் கல்லறையைப் பள்ளிச் சுற்றுலாவில் அவள் பார்த்திருக்கிறாள். மிளகுக்கும் பட்டைக்கும் அலைந்த அதே கம்பெனிதான் இது என்று சொன்னதும் புத்தகத்தை இழுத்துவைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தாள். நான் வாசிக்கச் சொல்லவில்லை. வாசித்து முடித்துவிட்டுத் தான் போட்டிருந்த தப்புகளை ஒவ்வொன்றாகத் தானே அடித்துத் திருத்தினாள். அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியாது என்று இனி யார் என்னிடம் சொன்னாலும் நான் கேட்கமாட்டேன்.

எல்லாரையும் கவிழ்க்கிற கேள்வி ஒன்று உண்டு. ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன். ஒரு கூற்றைக் கொடுப்பார்கள். பாசேஜ் அதை ஆமோதித்தால் ட்ரூ. மறுத்தால் ஃபால்ஸ். அதைப் பற்றிப் பாசேஜ் ஒன்றுமே சொல்லவில்லை என்றால் நாட் கிவன். நானே ஒன்று உருவாக்கிச் சொல்கிறேன். ‘கடலோர மணலில் தென்னை செழித்து வளர்கிறது’ என்று பாசேஜில் இருக்கிறது. ‘கடலோரத்தைத் தவிர வேறு எங்கும் தென்னை வளராது’ என்பது கூற்று. எங்கள் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஃபால்ஸ் என்று போடும். ஏனென்றால் பேச்சிப்பாறைப் பக்கம், மலையடிவாரத்தில் அவள் தாத்தாவின் தென்னை காய்த்துக் குலுங்குகிறது. உலகத்தில் அது தப்பான கூற்றுதான். ஆனால் பாசேஜ் வேறு இடங்களைப் பற்றிப் பேசவே இல்லை. விடை நாட் கிவன். உனக்குத் தெரிந்ததை வெளியே வைத்துவிட்டு, எழுதியிருப்பது என்ன என்று மட்டும் பார் என்கிறது கேள்வி.

இதற்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற வழி: ஒரு நிமிடம் தேடு, கிடைக்காவிட்டால் நாட் கிவன் போட்டுவிட்டுப் போ. ஒன்று இல்லை என்று எப்போது சொல்ல முடியும்? முழுவதும் பார்த்த பிறகுதானே! அலமாரியைத் திறக்காமலே சாவி அங்கே இல்லை என்று சொல்வார்களா? நாற்பது கேள்வியில் முழு வாசிப்பை நேராகக் கேட்கிற கேள்வி இதுதான். இதற்குத்தான் வாசிக்காதே என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, தப்பு வந்ததும் “நாட் கிவன் எல்லாருக்கும் கஷ்டம்தான்” என்று தேற்றுகிறார்கள்.

இத்தனைக்கும் ஒரு நர்ஸுக்கு இந்தக் கேள்வி புதிதே இல்லை. வார்டில் இரவு ட்யூட்டி மாறும்போது கேஸ் ஷீட்டைக் கையில் வாங்குகிறாளே, அப்போது அவள் செய்வதெல்லாம் இதுதான். டாக்டர் எழுதியதைக் கொடுப்பாள். நிறுத்தச் சொல்லியிருந்தால் நிறுத்துவாள். எழுதப்படாத ஒன்றை, வழக்கமாகக் கொடுப்பதுதானே என்று தானாகக் கொடுப்பாளா? கொடுக்கமாட்டாள். போன் போட்டுக் கேட்பாள். ‘எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை’ என்பதையும் ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்பதையும் அவள் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை, குழப்பினால் ஓர் உயிர் போகும் என்று அவளுக்குத் தெரியும். மருந்துச் சீட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் அத்தனை மரியாதை கொடுத்து வாசிக்கிற பெண்ணிடம் தேர்வுத் தாளை மட்டும் மேய்ந்துவிட்டு வா என்கிறோம். “கேஸ் ஷீட் வாசிக்கிற மாதிரி வாசி பிள்ளே” என்று சொல்லிப் பார்த்தேன். பலருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. ஏன் இதை அவர்களிடம் இதற்கு முன் யாருமே சொல்லவில்லை?

தப்பை முழுக்கப் பயிற்சி மையங்கள் தலையில் போட்டால் அது நியாயமாகாது. இந்த வித்தையை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை, நம் பள்ளிக்கூடம்தான் கற்றுக்கொடுத்தது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் ஆங்கிலத் தாளில் ஒரு பத்தி கொடுத்துக் கீழே கேள்விகள் கேட்பார்கள். அதற்கு நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற உபாயம் தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான்: கேள்வியில் இருக்கிற சொல் பத்தியில் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியை அப்படியே எடுத்து எழுது. எழுதினால் மார்க்கும் விழும். பத்தி புரிந்ததா என்று கேட்பார் இல்லை. நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டிய பள்ளி, மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று அச்சடித்த குறுங்கையேடு, அரையாண்டுக்குள் பாடத்தை முடித்துவிட்டு அதன்பிறகு தினமும் தேர்வு என்ற ஏற்பாடு. இத்தனைக்கும் நடுவில் ஒரு பிள்ளை தானாக ஒரு பக்கத்தை உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பதற்கு எங்கே இடம் இருக்கிறது? ஆசிரியர்கள் பலர் இதைக் கூட்டங்களில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனோம். எங்களிடம் கேட்டதெல்லாம் தேர்ச்சி விழுக்காடுதான்.

பிறகு நர்சிங் கல்லூரி. பி.எஸ்சி. நான்கு வருஷம். பல்கலைக்கழகத் தேர்வு முழுவதும் ஆங்கிலத்தில். நான்கு வருஷம் ஆங்கிலத்தில் படித்தவளுக்கு ஆங்கிலம் வாசிக்க வராதா என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். உள்ளே நடப்பது வேறு. பாடத்தைத் தமிழில் விளக்குவார்கள், குறிப்பை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார்கள். தேர்வு நெருங்கும்போது ‘இம்பார்ட்டன்ட் கொஸ்டின்’ பட்டியல் வரும். தடித்தடியான பாடப்புத்தகங்கள் நூலகத்தில் இருக்கும், ஆய்வுக் குழு வருகிற அன்று எடுத்து அடுக்கப்படும். அந்தப் புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தைத் தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் வரை வாசித்தேன் என்று சொன்ன பிள்ளைகள் மிகக் குறைவு. முதல் செமஸ்டரில் கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ் என்றொரு பாடம் பாடத்திட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. அதையும் கேள்வி பதிலாக மனப்பாடம் செய்து கடந்துவிடுகிறார்கள்.

இப்படி வந்த பிள்ளையிடம் பிரிட்டனின் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் கேட்பது வாசிப்பில் 7, கேட்டலில் 7, பேச்சில் 7, எழுத்தில் 6.5. எழுத்துக்கும் 7 என்றிருந்ததை 2018 டிசம்பரில் அரை புள்ளி குறைத்தார்கள். வாசிப்பில் ஒன்றும் குறையவில்லை. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட வேலைக்கு வாசிக்கத் தெரிந்தவள் வேண்டும் என்று அவர்கள் கேட்பதில் எனக்குக் குறை இல்லை. நாற்பதுக்கு ஏறத்தாழ முப்பது சரியாக இருந்தால் 7 வரும், தாளின் கடினத்தைப் பொறுத்து ஒன்று முன்பின் ஆகலாம். இருபத்தேழிலிருந்து இருபத்தொன்பது வரை 6.5தான். எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த 6.5இல்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கீவேர்டு வித்தை 6 வரைக்கும், சில சமயம் 6.5 வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் அந்த வித்தைமீது நம்பிக்கை போகமாட்டேன் என்கிறது. இன்னும் கொஞ்சம் வேகமாகத் தேடினால் 7 வந்துவிடும் என்று அடுத்த தேதிக்குப் பணம் கட்டுகிறார்கள். வராது. அதற்கு மேலே இருக்கிற இரண்டு மூன்று மார்க்கு வாசிப்பவளுக்காக வைத்திருப்பது.

ஒரு தடவை எழுதக் கட்டணம் 17,000 ரூபாய்க்கு மேல். தனியார் ஆஸ்பத்திரிகளில் இந்தப் பிள்ளைகள் பலருக்கு ஒரு மாதச் சம்பளம் அவ்வளவு வராது. உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லி அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தச் சம்பளம் ஒழுங்காகக் கிடைத்திருந்தால் பாதிப் பேர் ஊரைவிட்டுப் போகவே நினைத்திருக்க மாட்டார்கள். நகையை அடகு வைத்துத் தேர்வுக் கட்டணம் கட்டியவளை எனக்குத் தெரியும். இரவு ட்யூட்டி முடிந்து காலையில் நேராகப் பயிற்சி வகுப்புக்கு வந்து, மதியம் தூங்கி, மறுபடியும் ட்யூட்டிக்குப் போகிறவர்கள். அவர்களுடைய உழைப்பில் குறை சொல்ல எவருக்கும் வாய் வராது. அந்த உழைப்பு முழுவதையும் தப்பான திசையில் போகவிடுகிறார்களே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. வாங்கின மதிப்பெண்ணும் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். அதற்குள் வேலையும் விசாவும் அமையாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

பயிற்சி வகுப்பில் நாள் முழுக்க நடப்பது மாக் டெஸ்ட். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. விடையைப் படபடவென்று வாசிப்பார்கள், பிள்ளைகள் டிக் போட்டுக்கொள்வார்கள், மதிப்பெண் வாட்ஸ்அப் குழுவில் போகும். முடிந்தது. பதினான்காவது கேள்விக்கு ஏன் அந்த விடை, நான் போட்டது ஏன் தப்பு, எந்த வாக்கியத்தை நான் எப்படித் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று ஒருவரும் உட்கார்ந்து பேசுவதில்லை. கேம்பிரிட்ஜ் புத்தகம் ஒவ்வொன்றிலும் நான்கு தேர்வு, அதாவது பன்னிரண்டு பாசேஜ். நிதானமாக வாசித்தால் ஒரு புத்தகம் இரண்டு மாதத்துக்குத் தாங்கும். இவர்கள் ஒரு வாரத்தில் தீர்த்துவிடுகிறார்கள். நல்ல தாள் தீர்ந்ததும் எங்கிருந்தோ இறக்கிய பிடிஎஃப் வருகிறது. யார் எழுதியதென்று தெரியாத பாசேஜ், விடையே தப்பாக இருக்கிற விடைப் பட்டியல். ஒரு பிள்ளை தான் சரியாகப் போட்டிருந்த நாட் கிவனை, பட்டியலில் ஃபால்ஸ் என்று இருந்ததால் அடித்துத் திருத்திக்கொண்டு வந்திருந்தாள். கொஞ்சநஞ்சம் வந்த தெளிவும் போயிற்று.

கூடவே சொற்பட்டியல். அகர வரிசையில் ஆயிரம் சொல், தினமும் முப்பது மனப்பாடம். ‘யுபிக்விட்டஸ்’ என்றால் என்ன என்று கேட்டால் உடனே சொல்வார்கள். ஆனால் அவர்களைக் கவிழ்ப்பது அந்தப் பெரிய சொற்கள் இல்லை. ‘அன்லெஸ்’, ‘ஒன்லி’, ‘மே’, ‘ரேதர் தன்’ போன்ற சின்னச் சொற்களில்தான் சறுக்குகிறார்கள். ‘இப்படி இருக்கக்கூடும்’ என்று ஆராய்ச்சியாளர் தயங்கிச் சொன்னதை ‘இப்படித்தான்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். இவற்றையெல்லாம் பட்டியலில் படிக்க முடியாது, வாக்கியத்துக்குள் வைத்துத்தான் பழக வேண்டும்.

ஐஇஎல்டிஎஸ்ஸில் வாசிப்பு வரவில்லை என்று ஓஇடிக்கு மாறுகிறவர்களும் உண்டு. அது மருத்துவத் துறைக்கான தேர்வு, நம்ம சப்ஜெக்ட்தானே என்று ஒரு தைரியம். அதில் முதல் பகுதி உண்மையிலேயே தேடுகிற வேலைதான்: நான்கு சிறு குறிப்புகள், 15 நிமிடம், 20 கேள்வி. அவசரத்தில் மருந்தளவைத் தேடி எடுப்பது நர்ஸுக்கு வேண்டிய திறமை, அதை அப்படிச் சோதிப்பது சரி. ஆனால் கடைசிப் பகுதியில் ஏறக்குறைய 800 சொல் வீதம் இரண்டு கட்டுரை வரும். எழுதியவர் இதை ஏற்கிறாரா, சந்தேகப்படுகிறாரா, எந்த நோக்கத்தில் இந்த உதாரணத்தைச் சொல்கிறார் என்று கேட்பார்கள். கட்டணமும் ஐஇஎல்டிஎஸ்ஸைவிட அதிகம். அங்கேயும் வாசிக்காமல் தப்பிக்க வழியில்லை.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் செய்வது பெரிய வித்தை இல்லை. கடிகாரத்தைக் கழற்றி வைக்கச் சொல்கிறேன். ஒரே ஒரு பாசேஜ், முழுதாக வாசி. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிமிர்ந்து, அது என்ன சொன்னது என்று தமிழில் ஒரு வரி சொல். ஆங்கிலத்தில் சொல்லக் கட்டாயப்படுத்துவதில்லை, புரிந்ததா என்பதுதான் எனக்குத் தேவை. பத்திக்கு ஒரு வரி சொல்ல வந்துவிட்டால், பத்திகளுக்குத் தலைப்புப் பொருத்தச் சொல்கிற கேள்வி பாதி முடிந்த மாதிரி. பிறகு கேள்விகள். தப்பானால் எந்த வாக்கியம் காரணம் என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். கொஞ்ச நாள் இப்படிப் போன பிறகுதான் கடிகாரம். தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு வேகம் தானாக வந்தது.

தங்குகிறவர்கள்தான் குறைவு. “அங்க டெய்லி ரெண்டு டெஸ்ட் வைக்காங்க, இங்க ஒரு பாசேஜ்தான் ஓடுது” என்று வீட்டில் சொல்கிறார்களாம். இன்னும் தேதி போடவில்லையா, பக்கத்து வீட்டுப் பிள்ளை போய்ச் சேர்ந்து வீடு கட்டிவிட்டதே என்று கேட்டுக்கேட்டு அம்மாக்களும் அவசரப்படுத்துகிறார்கள். அந்த அம்மாக்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் பிள்ளை சாயங்காலம் ஒரு மணி நேரம் சும்மா ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது நேரத்தை வீணாக்கவில்லை. மாவு அரைக்கக் கூப்பிடாதீர்கள்.

அடுத்த மாதம் தேர்வு வைத்திருக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் காலம் கடந்த பேச்சு என்பது எனக்கும் தெரிகிறது. ஆகவே கேட்க வேண்டியது நர்சிங் கல்லூரிகளிடம். உங்களிடம் அவர்கள் நான்கு வருஷம் இருக்கிறார்கள். படிக்க வருகிற பிள்ளைகளில் எத்தனை பேர் வெளிநாட்டுக் கனவோடு சேருகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும், விளம்பரத்தில் அதைத்தான் போடுகிறீர்கள். அப்படியானால் முதல் வருஷத்திலிருந்தே வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தாய்ப்பால் பற்றி, கைகழுவுதல் பற்றி, தென்னை பற்றி, எதைப் பற்றியாவது நான்கு பக்கம் ஆங்கிலத்தில் நன்றாக எழுதிய ஒரு கட்டுரையைக் கையில் கொடுங்கள். இது பரீட்சைக்கு வராது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குறிப்பு எழுதச் சொல்லாதீர்கள், மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். வாசித்துவிட்டு அதில் என்ன இருந்தது என்று ஒருவருக்கொருவர் தமிழிலேயே பேசிக்கொள்ளட்டும். கேள்வித்தாளை அடுத்த வாரம் கொடுத்தால் போதும்.